துடைப்பம் போல் உடைய வேண்டிய தகடு

அந்தத் தகட்டிலிருந்து பன்னிரண்டு துண்டுகள் வெட்டினோம். ஏழு துண்டுகள் உடைய வேண்டிய விதத்தில் உடைந்தன. ஐந்து துண்டுகள் பிஸ்கட் மாதிரி உடைந்தன.

உடைய வேண்டிய விதம் என்று ஒன்று இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீக் கோப்பை, தரையில் பதிக்கும் டைல் போன்ற சாதாரணப் பீங்கான் சூட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஒரு கீறல் விழுந்தால் அது மறுமுனைவரை ஓடிவிடும். எங்கள் பீங்கானுக்குள் நார் இருக்கிறது. அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடில் இழுத்த, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை நார். அதை நெய்த துணியைக் கலவையில் நனைத்துப் பத்து அடுக்காக அடுக்கிச் சுட்டால் ஒரு தகடு கிடைக்கும். கீறல் ஓடி வரும்போது நார் குறுக்கே நிற்கும். கீறல் வழிமாறி, களைத்து, நின்றுவிடும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, சுற்றியிருக்கும் பீங்கான் நாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நுண்ணிய துளைகளோடு தளர்வாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வளைத்து உடைக்கும்போது நறநறவென்று சத்தம் வரும், தகடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், உடைந்த முனையில் நார்கள் துடைப்பம் போல் நீட்டிக்கொண்டிருக்கும். இறுக்கிப் பிடித்துவிட்டால் ஒரே ஒரு ‘டக்’. முனை மழமழவென்று இருக்கும்.

ஐந்து துண்டுகளின் முனையும் மழமழவென்று இருந்தது.

நான் வேலை செய்வது தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில். கூரை தகரம். உள்ளே ஒரு அறைக்கு மட்டும் ஏசி உண்டு. அந்த அறையில்தான் துணி அடுக்குவோம். சேலத்தில் பொறியியல் படித்துவிட்டு, பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் இப்படி ஒன்று தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தவள் நான். செய்முறையை எழுதுவதும், எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.

“என்ன பண்றீங்க கம்பெனில?”

“விமான எஞ்சினுக்குப் பின்னாடி சூடு படுற எடத்துக்குப் பீங்கான் தகடு பண்றோம்.”

“பீங்கானா? கக்கூஸ்ல வெக்கிறாங்களே, அதா?”

“அதுக்குச் சொந்தக்காரங்க.”

அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். ஊருக்குப் போகும் பைக்குப் பட்டியல், திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குப் பட்டியல். கொட்டகையில் துணி அடுக்கும் வேலைக்கு நான் எழுதியது முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம். செய்து முடித்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும். தேறாத தகட்டின் தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு டிக்கும் இருந்தன.

அதை அடுக்கியவர் ஒரு அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கே வருவதற்கு முன் தருமபுரி பூ மார்க்கெட்டில் ஏழெட்டு வருஷம் பூ கட்டினவர். முதலில் பேக்கிங்கில்தான் இருந்தார். ஒருநாள் அடுக்குகிற பெண் வராததால் துணியின் ஓரத்தைப் பிடிக்கக் கூப்பிட்டேன். ஈரத்துணியைச் சுருக்கமில்லாமல் அச்சின் வளைவில் படியவைப்பது சாமானிய வேலையில்லை. அழுத்தினால் நார் விலகும், விட்டால் காற்று நிற்கும். அவர் விரல்கள் அதைப் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டன. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, பெங்களூர் வாடிக்கையாளரின் ஒப்புதலோடு, அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘அடுக்க அனுமதி பெற்றவர்கள்’ தாளில் அவர் பெயர் மூன்றாவதாக ஏறியது. அந்தத் தாளைப் படம் எடுத்துத் தன் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டார். “சாமி படம் எங்கக்கா?” என்று பேக்கிங் பெண்கள் கேலி செய்தார்கள். “சாமி உள்ள இருக்குது, இது வெளிய இருக்கட்டும்டி” என்றார்.

தகடு தேறவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஏழு கட்டங்கள். ஆறாவது கட்டம்: தவறு செய்தவர். அங்கே பெயர் எழுதப்பட்டவர் அதன்பிறகு அவர்களுடைய தகட்டைத் தொடக் கூடாது. சுவரிலிருக்கும் தாளிலிருந்து பெயர் எடுக்கப்படும். எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவசரப்படுகிறவரும்கூட. “ரெண்டு வாரம் டைம் இருக்குதும்மா. ஆனா கை வேலைன்னா கைதான் காரணமா இருக்கும். வேற என்ன இருக்கப் போவுது?” என்றார்.

நான் கையை நம்பினேன், உலையைச் சந்தேகப்பட்டேன். ஆயிரத்து இருநூறு டிகிரிக்குப் போகும் உலை. ஒரு மூலை கூடுதலாகச் சூடானால் பீங்கான் அங்கே நெருங்கி இறுகும், நாரைப் பிடித்துக்கொள்ளும். மழமழவென்று உடைந்த ஐந்து துண்டுகளும் தகட்டில் எங்கிருந்து வந்தன என்று வரைந்து பார்த்தேன். ஐந்துமே அறைக் கதவைப் பார்த்த ஓரத்திலிருந்து வந்தவை. தகடு உலைக்குள் போனபோது அந்த ஓரம் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடி, அந்தப் பக்கத்தின் வெப்பமானியைக் கழற்றி, வேறொன்று மாட்டி, வெறும் உலையை இரண்டு முறை ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. பிறகு துணிச் சுருளின் சான்றிதழ். அதுவும் சரி. பிறகு கலவை. அலுமினாத் தூளும் தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும் சேர்ந்த வெள்ளைக் கலவை அது. கொட்டகையில் அதற்குப் ‘பால்’ என்று பெயர். அதன் அளவுகளும் சரி. பத்து நாள் இப்படிப் போயிற்று. இயந்திரங்களிடமெல்லாம் விசாரித்தேன். அடுக்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரோ என்ற தயக்கம் ஒன்று. இன்னொன்று, முப்பத்தொரு டிக் இருந்தன.

பதினொன்றாம் நாள் அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையில் தாள் எதுவும் இல்லாமல் போய் நின்றேன்.

“என்னா மேடம், மூஞ்சி பத்து நாளா பஞ்சர் ஆன மாதிரி இருக்குது?”

“அந்தத் தகடு அடுக்குன அன்னைக்கு கரண்டு போச்சே, அப்ப எத்தனாவது அடுக்குல இருந்தீங்க?”

“ஆறு முடிஞ்சி ஏழு. ஏன்?”

“ரொம்ப நேரம் வரலையே. துணி காயலையா?”

“காயாம இருக்குமா? ஏசியும் நின்னு போச்சி. மூச்சு முட்டுதுன்னு கதவத் தொறந்தோம். சித்திரை வெயில், அனல் காத்து நேரா உள்ள வருது. அந்தப் பக்கத்து ஓரமெல்லாம் வெளுத்துப் போச்சி. நாந்தான் தண்ணியத் தெளிச்சி தெளிச்சிக் காப்பாத்துனேன். இல்லாட்டி அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும் உங்க தகடு.”

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே வலது கை விரல்களைச் சேர்த்துக் காற்றில் உதறிக் காட்டினார். மார்க்கெட்டில் பூக்கூடைமேல் தண்ணீர் தெளிக்கிற அதே உதறல். பூ வாடக் கூடாது என்றால் தெளிக்க வேண்டும். ஏழெட்டு வருஷம் அந்தக் கை அதைச் செய்திருக்கிறது.

“என்ன தண்ணிக்கா?”

“கொழாத் தண்ணிதான். சொம்புல புடிச்சாந்தேன். உங்க மெஷின் தண்ணி பூட்டிக் கெடக்குது, சாவி உங்ககிட்ட. நீங்க பின்னாடி ஜெனரேட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“பாட்டில்ல குடிக்கிற தண்ணி இருந்துச்சே?”

“அது ஒகேனக்கல் தண்ணி மேடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. குடிக்கிற தண்ணியக் கொண்டாந்து யாராச்சும் துணிமேல ஊத்துவாங்களா?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொட்டகைக் குழாயில் வருவது போர்த் தண்ணீர். அதைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்போடு ஃப்ளூரைடும் அதிகம். என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. என்னோடு பள்ளியில் படித்த பாதிப் பேருக்கும் இருக்கும். கல்லூரி விடுதியில் ஒருத்தி அதைப் பாக்குக் கறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உப்பும் ஃப்ளூரைடும் அலுமினாவில் கலந்தால் உலையில் என்ன செய்யும் என்று எனக்குப் பாடத்தில் தெரியும். மண் பானை சுடுபவர்களுக்கும் வேறு வகையில் தெரிந்திருக்கும். பொடிகள் சீக்கிரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துளைகள் மூடும். பீங்கான் நாரை இறுக்கிப் பிடிக்கும். பல்லிலும் தெரியும், பாடத்திலும் தெரியும். முப்பத்தொரு வரியில் மட்டும் இல்லை.

இருந்த வரி இதுதான்: துணியின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும். எப்படி, எதைக் கொண்டு என்று நான் எழுதவில்லை. ஏசியும் ஈரப்பதக் கருவியும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கரண்டு போனால் என்ன செய்வது என்றும் எழுதவில்லை. மெஷின் தண்ணீரைப் பூட்டிவைத்ததும் நான்தான். உப்பெல்லாம் நீக்கி கேனில் வரும் தண்ணீர் அது. காவலாளி தன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இரண்டு முறை ஊற்றிக்கொண்டு போனதைக் கண்டுபிடித்த பெருமையில் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அக்கா துணியைக் காயவிட்டிருந்தால் என் வரியை மீறியிருப்பார். காயவிடவில்லை. டிக் போட்டார்.

நினைப்பதை நிரூபிக்க வேண்டும். மிச்சத் துணியில் உள்ளங்கை அளவில் இரண்டு தகடுகள் செய்யச் சொன்னேன். ஒன்றில் மெஷின் தண்ணீர், இன்னொன்றில் சொம்புத் தண்ணீர், அன்று தெளித்த அதே அளவு. “எத்தன தடவ தெளிச்சீங்க?” என்றதற்கு, “யாரு எண்ணுனா? வாட்டம் தெரிஞ்சா தெளிக்கிறதுதான்” என்றார். வாட்டம் தெரியும்வரை காத்திருந்து தெளித்தோம். சுட்டோம். உடைத்தோம். மெஷின் தண்ணீர் தகடு நறநறவென்று போயிற்று. சொம்புத் தண்ணீர் தகடு டக்.

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். உடைந்த இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றில் நார் குத்தியது, இன்னொன்று வழுக்கியது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“அப்ப நாந்தான் கெடுத்தனா?”

“தண்ணி கெடுத்துச்சு. அந்தத் தண்ணி வேணாம்னு நான் எழுதல.”

“தெளிச்சது நாந்தான?” என்றார். துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அறிக்கையை அன்று மாலையே எழுதினேன். காரணம்: செய்முறையில் குறை. ஆறாவது கட்டத்தில் என் பெயரை எழுதினேன். முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க பேரு எதுக்கும்மா? உங்க கையெழுத்து போச்சின்னா அடுத்த தகட்டுக்கு யார் கையெழுத்துப் போடறது? அந்தம்மா பேர எழுதுங்க. வேலையவிட்டா அனுப்பப் போறேன்? பேக்கிங்ல வெச்சிக்கலாம். சம்பளத்துல கை வெக்க மாட்டேன்.”

“அவங்க சொன்னத செஞ்சாங்க சார்.”

“போர்த் தண்ணி தெளின்னா சொன்னீங்க?”

“தெளிக்காதன்னும் சொல்லல.”

மறுநாள் காலை வரைக்கும் யோசிக்கச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச்சு அறைக்கு வெளியே போயிருந்தது. காலையில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா வந்து முன்னால் நின்றார்.

“எம் பேரு இல்லாம எழுதியிருக்கீங்களாமே?”

“ஆமாங்க்கா.”

“யாரக் கேட்டு?”

நன்றி சொல்ல வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“நான் என்ன கொழந்தப் புள்ளையா, பேர மறைக்க? கரண்டு இல்லாத நேரத்துல கதவுக்கும் மேசைக்கும் நடுவுல நின்னு, முந்தானையால வெயில மறைச்சி, அந்தத் துணியக் காப்பாத்துனேன். அத ஒரு வரி எழுதல நீங்க. தப்பு நடந்துச்சா, நடந்துச்சி. செஞ்சத செஞ்சேன்னு எழுதுங்க. பேக்கிங்குக்குப் போன்னா போறேன். எவளோ ஒருத்தி தெளிச்சாங்கற மாதிரி எழுதாதீங்க.”

“பேர் எழுதுனா சுவத்துல இருந்து எடுத்துருவாங்கக்கா.”

“எடுக்கட்டும்” என்றார். குரல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். நான் நடந்ததை வரிசைப்படுத்தினேன், அவர் திருத்தினார். கரண்டு போனது, ஜெனரேட்டர் ஓடாதது, கதவைத் திறந்தது, ஓரம் வெளுத்தது, சாவி என்னிடம் இருந்தது, குழாய்த் தண்ணீரைத் தெளித்தது, யார் தெளித்தது. “மறைச்சி நின்னதையும் போடுங்க” என்றார். போட்டேன். ஆறாவது கட்டத்தை நிரப்பவில்லை. ‘மேலே உள்ளதைப் படித்து நீங்களே முடிவு செய்யவும்’ என்று எழுதினேன். இப்படி ஒரு அறிக்கையை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றார் முதலாளி. ஆனாலும் அனுப்பினார்.

பதில் மின்னஞ்சலாக வரவில்லை. வாடிக்கையாளரின் பொறியாளரே ஒருநாள் காலை பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். அதிகம் பேசாதவர். கன்னடக்காரர். என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டே கேள்வி கேட்டார். சாவி யாரிடம் இருந்தது? அந்த வரியை எழுதியது யார்? இரண்டுக்கும் நான் என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

அக்காவின் அம்மா வீட்டில் கன்னடம் பேசுவார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அக்கா என்னை மொழிபெயர்க்க விடவேயில்லை. நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார். ‘நீரு’, ‘பட்டெ’ என்று தண்ணீரும் துணியும் மட்டும் எனக்குப் பிடிபட்டன. கதவைக் காட்டினார். முந்தானையை விரித்துக் காட்டினார். விரல்களைச் சேர்த்து உதறிக் காட்டினார். அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

“இப்ப ஒண்ணு அடுக்கிக் காட்டுன்றாரு.”

சின்ன அச்சில் மூன்று அடுக்கு. அக்கா அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் படியவைத்தார். மூன்றாவது அடுக்கு படியும்போது பொறியாளர் குனிந்து, ஓரத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். ஒரு சுருக்கமும் இல்லை.

போகும்போது அவர் எழுதிக் கொடுத்தது நான்கு விஷயங்கள். அடுத்த தகட்டுக்கு மெஷின் தண்ணீர் மேசைக்குப் பக்கத்திலேயே தெளிப்பானில் இருக்க வேண்டும். என் செய்முறைகள் அடுத்த மூன்று தகடுகளுக்குப் பெங்களூரில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே செல்லும். அடுத்த தகட்டை அதே அக்காதான் அடுக்க வேண்டும். அதன் பன்னிரண்டு துண்டுகளும் தேறினால் அவர் பெயர் சுவரில் இருக்கும். ஒன்று தவறினாலும் இருக்காது.

என் கையெழுத்தைப் பற்றிய வரி எனக்கு உறுத்தியது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது சரியான வரி.

ஆடி மாதம் தகடு தயாரானது. அடுக்குகிற அன்று கரண்டு போகவில்லை. போனால் என்ன செய்வது என்று இப்போது நாலு வரி இருந்தது. இரண்டு எனக்குத் தோன்றியவை, இரண்டு அக்கா சொன்னவை. துண்டுகளை உடைக்கிற நாளில் அவரை உள்ளே வரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “உள்ள வந்தா என் கண்ணு பட்டுரும்” என்று சொல்லி, சோதனை அறைக்கு வெளியே பேக்கிங் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதல் துண்டு நறநறவென்றது. இரண்டாவதும். கதவோரத்துத் துண்டுகளைக் கடைசியில் வைக்கலாமா என்று ஆசை வந்தது. வரிசை மாற்றக் கூடாது என்று அடுத்தடுத்தே வைத்தேன். ஏழாவது, எட்டாவது. பதினொன்றாவதில் இயந்திரத்தின் சுமை காட்டும் ஊசி மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கத் தொடங்கியது. என் கை இயந்திரத்தின் நிறுத்துப் பொத்தான்மேல் போனது, போய் என்ன பயன் என்று திரும்பியது. ஊசி இறங்கியது, நின்றது, மறுபடி கொஞ்சம் ஏறியது, அப்புறம் மெதுவாகச் சரிந்தது. எடுத்துப் பார்த்தேன். முனை முழுக்க நார். தாங்கிய சுமை தேறும் எல்லைக்கு மேலேதான், நூலளவு மேலே. பன்னிரண்டாவது நன்றாகவே இருந்தது.

கதவைத் திறந்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார்.

“பன்னெண்டும்…” என்று ஆரம்பித்தேன்.

“கேட்டுச்சி. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். “பதினொண்ணாவது ஏன் சத்தம் கம்மியா வந்துச்சி?”

“தெரியல. பாக்கணும்.”

“நாலாவது அடுக்கு போடறப்ப அந்தப் பக்கம் ஒரு எடத்துல மனசுக்குச் சரியா படல எனக்கு. தேய்ச்சி வுட்டேன். அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“இப்ப சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அவர் உள்ளே வந்து, பதினொன்றாவது துண்டை எடுத்து, அது தகட்டில் எங்கே இருந்தது என்று படத்தில் விரலை வைத்துக் காட்டினார். நான் பேனாவை எடுத்தேன்.